இன்னும் ஒரு விசில் வரணுமா?

வா பேராண்டி. வெந்துட்டியா, இல்ல இன்னும் ஒரு விசில் வரணுமா?

இப்படித் திண்ணையில உக்காரு. ஆயாகிட்ட ஒரு சொம்பு கூழ் வாங்கிக் குடி. சட்டைய இப்பக் கழட்டாத, ஒட்டிக்கினு இருக்கறத உரிச்சா தோலும் கூட வந்துடும். பத்தரை மணிக்கே நீ பட்டறைய விட்டு வெளிய வந்து, போன் பேசற மாதிரி முருங்க மரத்தச் சுத்திச் சுத்தி வந்தத நான் பாக்கலன்னு நெனச்சுக்கினியா? எதிர்ல ஆளு இருந்தா தலையாவது ஆட்டுவடா. நீ நிழலு நகர நகர நகந்த. அதுவும் முருங்க நிழலு. சல்லடையக் குடையாப் புடிச்ச மாதிரி.

கொறை சொல்லல. ஒரகடத்துக் கம்பெனியில ஏசிக்குள்ள இருந்தவன், வேலைய உதறிட்டு ஊருக்கு வந்து மோட்டாருக்கு காயில் கட்டப்போறன்னு சொன்னப்ப தெருவே சிரிச்சிது. நான் ஒருத்தன்தான் சிரிக்கல. எனக்குப் பல்லு இல்ல, அது வேற விஷயம். ஆனா நல்ல யோசனைதான். செஞ்சியச் சுத்திக் கெணறு இல்லாத கொல்ல எத்தினி? கெணறு இருந்தா மோட்டாரு, மோட்டாரு இருந்தா லோ வோல்டேஜு, லோ வோல்டேஜு இருந்தா காயில் கருகியே ஆவணும். அதுவும் எப்பக் கருகும்? சித்திரையில, வைகாசியில, தண்ணி பாதாளத்துக்குப் போயி மோட்டாரு மூச்சு வாங்கறப்ப. ஆவ, உன் கல்லா எப்ப நெறையணுமோ அப்பப் பாத்துத்தான் உன் கொட்டாய்க்குள்ள மனுசன் நிக்க முடியாது. இப்படி ஒரு பொருத்தத்த எந்த ஜோசியனும் எழுதித் தர மாட்டான்.

தை மாசத்துல கட்டின கொட்டாய் அது. தையில எதக் கட்டினாலும் குளுகுளுன்னுதான் இருக்கும். அன்னிக்கி நீ உள்ள நின்னுக்கினு “தாத்தா, சூப்பரா இருக்குது பாரு”ன்னு சொன்ன. நான் அண்ணாந்து பாத்தன், மேல தகரம். திரும்பிப் பாத்தன், நாலு பக்கமும் தகரம். கதவும் தகரம். நம்ம ஊருக்குத் தெக்கால மண்டகப்பட்டுன்னு ஒரு ஊரு இருக்குதே, போயிருக்கியா? 1,400 வருஷத்துக்கு முன்னால மகேந்திரவர்மப் பல்லவன் அங்க பாறையக் கொடஞ்சி மும்மூர்த்திக்குக் கோயில் எடுத்தான். செங்கல்லு, மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் சேக்காம எடுத்தன்னு கல்லுலயும் பொறிச்சி வச்சிருக்கான். நீ அவனையே தோக்கடிச்சிட்ட. செங்கல்லு இல்ல, மரம் இல்ல, சுண்ணாம்பு இல்ல. உலோகம் ஒண்ண மட்டும் வச்சிக்கினு கட்டின. உன் பேருக்கும் ஒரு கல்வெட்டு வெட்டலாம். வெட்டறவன் உள்ள நின்னு வெட்ட மாட்டான், அதான் தொல்ல.

இப்ப ஏசி போடப் போறியாமே? ஒண்ணரை டன்னு. ஆயா சொன்னா. போடு, வேணாங்கல. போடறதுக்கு முன்னால ஒரு கணக்க மட்டும் இந்தக் கிழவனுக்குச் சொல்லிட்டுப் போ. நான் கொத்தனாரு, படிக்காதவன்தான். ஆனா எட்டு வருஷம் ஆரோவில்லுல வேல பாத்தவன். எங்கப்பனுக்குத் தெரிஞ்ச மண்ணு வேலைய எனக்கு வெள்ளக்காரன் சொல்லிக்குடுத்தான், கத்துக்கினதுக்குக் கூலியும் குடுத்தான். அந்தக் கணக்கு அங்க கத்துக்கினது.

உன் கூரை பதினஞ்சுக்குப் பத்து. 150 சதுர அடி. மீட்டர்ல சொன்னா 14 சதுர மீட்டர். உச்சி வெயிலு ஒரு சதுர மீட்டருல கொட்டறது ஏறக்கொறைய ஆயிரம் வாட்டு. வெந்நி வைக்க வாளியில போடறமே கம்பி ஹீட்டரு, அது ஒண்ணு ஆயிரம் வாட்டுன்னு வச்சிக்க. ஆவ, உன் கூரை மேல 14 கம்பி ஹீட்டரு எரியுது, பில்லு இல்லாம. பாதிக்கு மேல காத்துலயும் வானத்துலயும் போயிடுது, சரி. மிச்சம் உள்ள வருது. நாலு பக்கத் தகரமும் தன் பங்குக்கு ஊத்துது. உன் ஒண்ணரை டன்னு ஏசி எவ்வளவு சூட்ட வெளிய தள்ளும்? அஞ்சு ஹீட்டரு சூடு. அதத் தள்ள மணிக்கு ஒண்ணரை யூனிட்டு தின்னும். சூரியன் மேலருந்து அண்டாவால ஊத்தறான், நீ கீழருந்து சொம்பால மொண்டு கொட்டப்போற. அவனுக்குக் கை வலிக்காது. உனக்கு இபி பில்லு வரும். ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட்டு இலவசம்ங்கறது வீட்டுக்குடா, பட்டறைக்கு வேற கணக்கு. கெணத்து லைன்ல கொக்கி போடலாமான்னு யோசிக்கற பாரு, மூஞ்சிலயே தெரியுது. அது பயிருக்குக் குடுத்த இலவசம். நீ என்னா மணிலாவா?

இன்னொண்ணு. ஏசி போட்டா சந்து பொந்தெல்லாம் அடைக்கணும். நீ காயிலுக்கு வார்னிஷ் ஊத்தறவன். வார்னிஷ் ஊத்தினா கதவத் தொறக்கணும். சாத்தினா மயக்கம் வரும், தொறந்தா ஏசி தெருவுக்குப் போவும். குளுகுளுன்னு மயங்கிக் கெடக்கலாம், அது ஒரு வசதி.

சரி, சிரிச்சிட்ட. இப்ப காதக் குடு.

நீ ஒரு காயில் கட்டறப்ப என்னா பண்ற? இரும்புல வெட்டின பள்ளத்துல செம்புக் கம்பிய நேரா எறக்குவியா? மாட்ட. மொதல்ல பேப்பர மடிச்சி உள்ள வைக்கற. கம்பி மேலயும் எனாமல் பூச்சு இருக்குது. அப்பவும் நம்பாம வார்னிஷ் ஊத்தற. மூணு காவலு. பத்து டிகிரி சூடு கூடிச்சின்னா அந்தக் காவலோட ஆயுசு பாதியாப் போவும்னு நீதான அன்னிக்கி வாத்தியாரு மாதிரி வெளக்கின? ஒரு கம்பிக்கு மூணு காவலு வைக்கறவன், தன் மண்டைக்கும் தகரத்துக்கும் நடுவுல என்னா வச்ச? ஒரு தொப்பி கூட வைக்கல.

வைக்கலன்னு சொல்லக்கூடாது, வச்சிப் பாத்த. பங்குனியில தெர்மாகோல் வாங்கியாந்து தகரத்துல பசை தடவி ஒட்டின. பாதி மறுநாளே விழுந்துது. மீதியில எலி குட்டி போட்டுது. காலையில உன் தலையில வெள்ள வெள்ளயா உருண்டை இருந்ததப் பாத்து ஆயா நரைச்சிப் போச்சின்னு அழுதா. எலி போனாப் போவுது. பழைய காயில எரிச்சி எடுக்கறவன், வெல்டிங் வைக்கறவன், தலைக்கு மேல தெர்மாகோல் ஒட்டலாமா? அது பத்திக்கினா சொட்டுச் சொட்டா எரிஞ்சிக்கினே ஒழுவும். சூடு தாங்காமப் போட்ட சரக்கு சுட்டுடும்.

ஆனா உன் யோசனை தப்பில்ல, போட்ட எடம்தான் தப்பு. மெட்ராசுல கடற்கரைப் பக்கம் ஐஸ் ஹவுஸ்னு ஒரு கட்டடம் இருக்குதே, பஸ் ஸ்டாப்பு பேரு கூட அதான். விவேகானந்தர் இல்லம்னு இப்பச் சொல்றாங்க, அவுரு 1897-ல அங்க வந்து தங்கினாரு. அது 1842-ல எதுக்குக் கட்டினது தெரியுமா? அமெரிக்காவுல ஏரி உறைஞ்ச ஐஸ அறுத்து, கப்பல்ல ஏத்தி, வெள்ளக்காரன் குடிக்கிற தண்ணிக்குப் போடறதுக்கு. டியூடர்னு ஒரு வியாபாரி. 1833-ல மொதக் கப்பலக் கல்கத்தாவுக்கு விட்டான். ஏத்தினது 180 டன்னு, நாலு மாசம் கடல்ல, ரெண்டு தடவ பூமத்திய ரேகையத் தாண்டி வந்து சேந்தப்ப ஏறக்கொறைய 100 டன்னு மிச்சம். எதுல பொதிஞ்சான்? மரத்தூள்ல. மரத்தூளுக்கு என்னாடா மந்திரம்? ஒண்ணுமில்ல, தூளுக்கு நடுவுல அசையாம நிக்கற காத்து. காத்து அசையாம நின்னா சூடு தாண்டறதுக்குப் பாலம் இல்ல. தெர்மாகோலும் அதான், கம்பளியும் அதான், கீத்துக் கூரையும் அதான். உங்க ஏசிக்கு “டன்னு”ன்னு பேரு வந்ததே அந்த ஐஸு கணக்குலதான். ஒரு நாள்ல ஒரு டன்னு ஐஸு உருக எவ்வளவு சூட்ட வாங்கிக்குமோ அவ்வளவு. பேரப் பாரு, இன்னும் கப்பல்லயே இருக்குது.

இப்ப நம்ம செஞ்சிக் கோட்டைக்கு வா. கோட்ட மேல சின்ன வயசுலயே ஏறி எறங்கினவன்தான் நீ. ஏறி என்னா பாத்த? செல்ஃபி. 2025 ஜூலையில யுனெஸ்கோகாரன் மராட்டியர் கோட்டைங்க 12-ஐ உலகச் சொத்துன்னு அறிவிச்சான். 11 மகாராஷ்டிராவுல, ஒண்ணே ஒண்ணு நம்மளுது. அன்னிக்கி நீயும் ஸ்டேட்டஸ் வச்ச. கீழ கல்யாண மகால் இருக்குதே, கூம்பு வச்ச அடுக்கு மாடி, அத எப்பவாச்சும் கொத்தனாரு கண்ணால பாத்தியா? ஒவ்வொரு அடுக்குலயும் நடுவுல சின்னதா ஒரு அறை. அதச் சுத்தி வளைவு வச்ச தாழ்வாரம். வெயிலு வந்தா தாழ்வாரத்தோட நின்னுக்கும், காத்து மட்டும் உள்ள போவும். வெயில அறைக்குள்ள விட்டுட்டு அப்புறம் வெரட்டல. வாசல்லயே “என்னா சேதி, யாரப் பாக்கணும்”னு நிறுத்தி வச்சான். வேண்டாத சொந்தக்காரன ஆயா நிறுத்தற மாதிரி.

உனக்கு அத்தினி அடுக்கு வேணாம். உன் தகரத்துக்கு மேல இன்னொரு கூரை, அவ்வளவுதான்.

எப்படின்னு கேளு. சவுக்குக் கழி நட்டு, தகரத்துக்கு மேல ஒரு முழம் எடம் விட்டு, கழியால சட்டம் கட்டு. ஒரு முழம், கொறைக்காத. அந்தச் சந்துலதான் காத்து பூந்து சூட்ட அள்ளிக்கினுப் போவும். ஒட்டிப் போட்டா அதுவும் தகரத்தோட கூட்டு சேந்துக்கும். சட்டத்து மேல கீத்து போட்டா சொர்க்கம். ஆனா உன் பட்டறையில பொறி பறக்கும். கீத்து பத்திக்கினா தெருவே வந்து வேடிக்க பாக்கும், ஒருத்தனும் குடத்தோட வர மாட்டான், தண்ணி இல்ல. அதனால நாத்துப் பண்ணையில போடறானே பச்ச வலை, அதுல 75 சதவீத நிழல் குடுக்கறதா வாங்கு. அதுவும் பிளாஸ்டிக்குதான், பொறி பட்டா ஓட்டை விழும். எரிக்கிற வேலையக் கொட்டாய்க்கு வெளிய, காத்து போற பக்கம் தள்ளி வச்சிக்க. இன்னொரு வேலயும் செய்யலாம்: ஆனியில ரெண்டு சுரை விதை, நாலு பீர்க்கு விதை போட்டு அந்தச் சட்டத்து மேல ஏத்திவிடு. இலை வெயிலத் தின்னுக்கினு காய் குடுக்கும். ஏசி காய்க்குமா?

கழியக் கயித்தால கட்டி வுட்டுடாத. நம்ம ஊரு ஆடிக்காத்துக்கு அம்மியே பறக்குமாம், உன் வலை எந்த மூல? 2024 கார்த்திகையில ஃபெஞ்சல் புயல் வந்துதே, மயிலத்துல ஒரே நாள்ல அரை மீட்டர் மழை. அன்னிக்கி எத்தினி தகரம் யாரு யாரு கொல்லையில போயி விழுந்துது! அடுத்தவன் தகரம் வந்து விழுந்தவன் திருப்பிக் குடுக்கல, தன் தகரம் பறந்தவன் தேடிக்கினு கெடந்தான். கழியக் குழியில கான்கிரீட்டு போட்டு நட்டு, தகரத்துல ஜே போல்ட்ட நல்லா முறுக்கி வையி.

வலை கட்டறதுக்கு முன்னால தகரத்துக்கு வெள்ள அடி. பளபளன்னு இருக்கற தகரம் வெயில நல்லாத் திருப்பி அனுப்புமேன்னு கேப்ப. பாதி சரி. திருப்பி அனுப்பும், ஆனா உள்ள வாங்கின சூட்ட வானத்துக்கு விடாது, கருமி. வெள்ளப் பூச்சு வெயிலையும் திருப்பி அனுப்பும், வாங்கினதயும் விட்டுடும். சுண்ணாம்பு அடிக்கலாம்னு பாக்காத. மாடிக்கு சுண்ணாம்பு போல வராது, ஆனா தகரத்துல அது நிக்காது. மொத மழையில உரிஞ்சி வந்து முத்தத்துல கோலம் போடும். கூரைக்குன்னே வெள்ள அக்ரிலிக் பெயிண்டு விக்கறான், அத ரெண்டு கோட்டு. வருஷத்துக்கு ஒரு தடவ பங்குனியில ஏறிக் கழுவு. ரோட்டுப் புழுதி படிஞ்ச வெள்ள, வெள்ள இல்ல. தெலங்கானாவுல இதுக்குன்னு 2023-ல அரசாங்கமே ஒரு கொள்கை போட்டுது, குளுமைக் கூரைக் கொள்கைன்னு. நம்ம அரசாங்கமும் 2024-ல வெப்ப அலைய மாநிலப் பேரிடர்னு அறிவிச்சிது. புயலு, வெள்ளம், அப்புறம் உன் கொட்டாய்.

நீல கலர் யாரு அடிக்கச் சொன்னா? லோகோவுக்குப் பொருத்தமா? சரி சரி, போர்ட மட்டும் நீலமா வச்சிக்க.

உள்ள போடணும்னா அலுமினிய ஃபாயில் ஒட்டின ஷீட்டு கெடைக்கும். அத தகரத்துல ஒட்டாத. நாலு விரக்கடையாவது கீழ எறக்கி, பளபளப்பு முகம் கீழ பாக்கற மாதிரி இழுத்துக் கட்டு. மேல பாத்தா புழுதி படிஞ்சி அதுவும் உன் செல்போன் கண்ணாடி மாதிரி ஆயிடும். பளபளப்புக்கு முன்னால காத்து இருந்தாத்தான் அதுக்கு வேல. எதையாவது தொட்டுக்கினு இருந்தா அதுவும் வெறும் தகரம். அது கரண்டு கடத்தும், மறந்துடாத. ஒயரு போற எடத்துல குழாய் போட்டு எட்ட வையி. காயில் கட்டறவன் கூரையில ஷாக் அடிச்சி விழுந்தான்னா எனக்கு வெளிய தல காட்ட முடியாது.

யாராவது வந்து “தகரத்த எடுத்துட்டு சிமெண்டு ஷீட்டு போடு, குளுமையா இருக்கும்”னு சொல்லுவான். தகரத்துக்கு அது தேவலதான். ஆனா அது கல்நாரு. அத வெட்டறப்ப, ஓட்டை போடறப்ப வர்ற தூளு நெஞ்சுல போயி உக்காந்துக்கும், எறங்காது. உலக சுகாதார நிறுவனமே எல்லாக் கல்நாரும் புத்துநோய் குடுக்கும்னு சொல்லிட்டுது. ஆசையா இருந்தா சீமை ஓடு போடு.

அப்புறம் காத்து. நீ எக்ஸாஸ்ட் ஃபேன எங்க வச்சிருக்க? கதவுக்கு மேல. அது கதவு வழியா வர்ற காத்தயே இழுத்து கதவு மேலயே வெளிய விடுது. வாசல்லயே வந்து வாசல்லயே போற விருந்தாளி மாதிரி, உள்ள உக்காந்திருக்கற உனக்கு ஒரு வணக்கம் கூட இல்ல. சூடான காத்து மேல ஏறும். கூரையோட உச்சியில ரெண்டு பக்கமும் திறப்பு விடு. அரிசி மில்லு மேல தலப்பாக் கட்டின மாதிரி சுத்துதே, காத்துலயே ஓடற உருண்ட ஃபேனு, அது ஒண்ணு போதும். கரண்டு வேணாம். கீழ கெழக்காலயும் தெக்காலயும் ஜன்னலத் தாழ்வா வை, காத்து அதுவழியா உள்ள வரட்டும். வார்னிஷ் ஆவி மட்டும் கனமானது, கீழயே தவழும். அதனால அந்த எக்ஸாஸ்ட்ட வார்னிஷ் தட்டு கிட்டத் தரையோரமா மாத்து.

ஏர் கூலரு வாங்கலாமான்னு கேக்கப்போற. காத்து காய்ஞ்சிருக்கற நாள்ல நல்லாதான் இருக்கும். ஒரு லிட்டர் தண்ணி ஆவியாப் போனா அரை யூனிட்டுக்கு மேலான சூட்டத் தூக்கிக்கினுப் போவும், கூரையில கோணிச் சாக்கு நனைக்கிற வித்தையும் அதான். ஆனா ஜன்னலச் சாத்திக்கினு கூலரு போட்டா கொஞ்ச நேரத்துல இட்லிப் பானை. அதவிடப் பெரிய சேதி, ஈரம் உன் தொழிலுக்கு எமன். கட்டி வச்ச காயில்ல ஈரம் எறங்கினா என்னாவும்னு எனக்கு நீ சொல்லு. கூரைய நனைக்கறதுக்கும் வைகாசியில கெணத்துல தண்ணி வேணும். கெணத்துல தண்ணி இருந்தா உனக்கு வேலையே வராது.

சுவத்துக்கு வருவம். தகரத்துக்கு ஞாபக சக்தி கெடையாதுடா. வெயிலு பட்ட நிமிஷம் கொதிக்கும், மேகம் வந்த நிமிஷம் ஆறும். கல்லு அப்படி இல்ல, பழி வாங்கற குணம். காலையில வாங்கினத மனசுல வச்சிக்கினு ராத்திரி திருப்பிக் குடுக்கும். நம்ம ராஜகிரி மலைய ராத்திரி ஒம்போது மணிக்குப் போயி தொட்டுப் பாரு, பாறை இன்னும் கோவமா இருக்கும். கோட்டையோட மூணு மலை நடுவுல குடியிருக்கற நமக்கு அதனாலதான் சித்திரை ராத்திரி தூக்கம் வராது. ஆனா பட்டறைக்கு அந்தக் குணம் தேவலாம், ஏன்னா ராத்திரி நீ அங்க படுக்கப்போறதில்ல. கோட்டையில நெல்லுக் களஞ்சியம் இருக்குதே, சுவரோட கனத்தப் பாரு. வெளிய இருக்கற வெயிலு உள்ள போயி சேர்றதுக்குள்ள பொழுது எறங்கிடும். நாலு சுவரும் உனக்கு வேணாம். சாயங்கால வெயிலு வந்து அறையறது மேக்கு சுவத்துல. அத ஒண்ண மட்டும் தகரத்த எடுத்துட்டு, மண்ணக் கொஞ்சம் சிமெண்டோட சேத்து அழுத்தின கல்லால, முக்கா அடி கனத்துல கட்டிடு. ஆரோவில்லுல அத சுட மாட்டாங்க, அச்சுல அழுத்தி, தண்ணி தெளிச்சி, நிழல்ல வச்சி எடுப்பாங்க. மேல மண்ணும் உமியும் சேத்துப் பூசிடலாம். உமி அரிசி மில்லுல கெடைக்கும். பூசறதுக்குக் கொத்தனாரு வீட்டுலயே இருக்கான், கூலி பேசிக்கலாம்.

இதெல்லாம் பண்ணியும் ரெண்டு மணி வெயிலு ரெண்டு மணி வெயிலுதான். வெளிய 40 டிகிரி இருந்தா, நெழலும் காத்தும் எத்தினி இருந்தாலும் உள்ள அதுக்குக் கீழ பெருசா எறங்காது. ஒடம்பவிட சூடான காத்த ஃபேனு அடிச்சா அது விசிறியில்ல, ஊதுலை. அதனால விடியக்காலம் அஞ்சு மணிக்கு ஆரம்பி, பதினொண்ணுக்குப் பூட்டு. மறுபடி நாலு மணிக்குத் தொற. வெயிலோட முட்டி ஜெயிக்க முடியாது. கோட்டைய ஜுல்பிகர் கான் முற்றுகை போட்டான், அவுரங்கசீப்போட தளபதி. 1690-லருந்து 1698 வரைக்கும், ஏழு வருஷத்துக்கு மேல. மராட்டிய ராஜா ராஜாராம் உள்ள நிழல்ல, இவன் வெளிய கூடாரத்துல. ஏழு அக்கினி நட்சத்திரத்தக் கூடாரத்துல பாத்தவன்டா அவன்! அவன் புடிச்சி முடிக்கறதுக்குள்ள ராஜாராம் நழுவிட்டான். அப்புறம் என்னா ஆச்சி? அத்தினி பாடுபட்டுப் புடிச்ச ஊருல மொகலாயன் ரொம்ப நாள் உக்காரல. ஊர்க்காத்து ஒத்துக்கலன்னு தலைமைய ஆற்காட்டுக்கு மாத்திட்டான். நீயும் ஆற்காட்டுக்கு, அதான் ஒரகடத்துக்கு, மூட்ட கட்டிடாதடா.

என்னா யோசன பண்ற? செலவா? வலையும் கழியும் பெயிண்டும் சேந்து உன் ஏசி வெலையில பாதிக்கு வராது. மேக்கு சுவரு அடுத்த வருஷம் பாத்துக்கலாம்.

மேக்கு சுவருன்னதும் எதுக்குத் தலையக் குனியற?

நான் ஒண்ணும் சொல்லலியே. அந்த எடத்துல ஒரு புங்க மரம் இருந்துது, அதச் சொல்லுவன்னு நெனச்சியா? கொட்டாய்க்கு ரெண்டு அடி குறுக்க வருதுன்னு மாட்டுப்பொங்கல் மறுநாள் ஆள வச்சி அறுத்த. நான் கட்டிலத் தூக்கிக்கினு திண்ணைக்கு வந்தன். ஒரு வார்த்த பேசினனா? புங்க நிழலப் பத்தி இந்தத் தாத்தன் உனக்கு எதுக்குச் சொல்லணும், நீதான் ஒண்ணரை டன்னு ஏசி வாங்கப்போறவன் ஆச்சே. பதினாலு ஹீட்டர்ல பத்து ஹீட்டர அந்த மரம் ஒண்டியாத் தாங்கிக்கினு இருந்துது, அம்பது வருஷமா, சம்பளம் இல்லாம.

எழுந்திரு. கொட்டாய்க்குப் பின்னால போயி பாரு. அங்க ஒரு பெயிண்டு டப்பா, அடி இல்லாதது, கவுந்திருக்கும். ஆடு மேயாம இருக்க நான் வச்சது. உள்ள எட்டிப் பாரு.

பாத்துட்டியா? எவ்வளவு உசரம் இருக்குது? ஒரு முழமா? புங்கைய அறுத்தா சாவாதுடா, அடிக்கட்டையில வேரு மொத்தமும் உசுரோட இருக்குது. தை கடைசியிலருந்து நான் குளிக்கற தண்ணி அங்கதான் போவுது. “கிழவன் எதுக்குத் தோட்டத்துல போயி குளிக்கறான், பாத்ரூம் கட்டிக் குடுத்தும் மானம் இல்ல”ன்னு உங்கம்மா திட்டினா இல்ல, இதுக்குத்தான். பத்துப் பன்னண்டு துளிரு வந்துது, நல்லதா ரெண்டு வச்சிக்கினு மீதிய ஆட்டுக்கு ஒடிச்சிப் போட்டன். நாலு வருஷத்துல உன் மேக்குத் தகரத்துக்கு நிழலு கட்டும். அதுவரைக்கும் வலை தாங்கட்டும்.

நாளைக்கு நீ குளிக்கற தண்ணியும் அங்க போவட்டும், ஒரு வாய்க்கா இழுத்துவிடு. நாலு மாசம் தண்ணி ஊத்தின கூலி தனி, சுவரு பூசற கூலிக்குள்ள சேத்துடாத. கட்டில அங்க கொண்டு போவ ரெண்டு ஆளு வேணும். மோட்டாரு எடுத்துக்கினு எவனாவது வந்தா, காயில் ஆவலன்னு சொல்லி கொஞ்ச நேரம் நிறுத்தி வையி.